வறட்சிக்கு வயசு மட்டும் காரணமில்லை

கண்ணில் மண் விழுந்ததுபோல எப்போதும் ஓர் உறுத்தல். காய்ந்த பண்டம் எதுவும் தண்ணீர் இல்லாமல் தொண்டையில் இறங்குவதில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண் இதைச் சொன்னால், "வயசாச்சு இல்லையா" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலால் ஸ்யோகிரன் நோய் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

1933-ல் ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஸ்யோகிரன் விவரித்த நோய் இது. உடலைக் காக்க வேண்டிய லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளேயே புகுந்து கூடாரம் அடித்துவிடுகின்றன. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் காத்திருப்பார்கள். ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால் கண் வறண்டிருக்கிறது. சரி, ஏன் வறண்டது? அதைப் பட்டை சொல்லாது. முதுமையில் சாப்பிடும் பல மாத்திரைகளும் வாயையும் கண்ணையும் உலர்த்தும். அதனால் உடலின் சொந்தப் புரதத்தையே குறிவைக்கும் 'ரோ' ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் தேடுவார்கள். தேவைப்பட்டால் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சில குட்டிச் சுரப்பிகளை எடுத்து, லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

பெரும்பாலோருக்கு நாற்பது, ஐம்பதுகளில் நோய் தெரியவருகிறது. 35-க்கு முன்பே தொடங்கினால் அதன் முகமே வேறு. வறட்சி பெரிதாகத் தெரியாது. காதோரச் சுரப்பி வீங்கும், நெறி கட்டும், ஆன்டிபாடிகள் எக்கச்சக்கமாக இருக்கும். கருவுற்ற பெண்ணிடம் 'ரோ' ஆன்டிபாடி இருந்தால் அது தொப்புள்கொடி வழியே சென்று, நூறில் சுமார் இரண்டு சிசுக்களுக்கு இதயத் துடிப்பின் மின்பாதையைக் கெடுக்கக்கூடும். அதனால் கர்ப்பத்தின் 18-வது வாரத்தையொட்டிச் சிசுவின் இதயத் துடிப்பைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். 65-க்கு மேல் தொடங்கினாலோ நுரையீரல் பாதிப்பு கூடுதலாகக் காணப்படுகிறது.

எல்லோரும் பயப்படுவது நிணநீர்ப் புற்றுநோய்க்கு. ஆன்டிபாடிகளை உருவாக்கும் வகையான பி லிம்போசைட்டுகள் ஓயாமல் தூண்டப்பட்டுப் பெருகும்போது, ஏதோ ஒன்று கட்டுப்பாட்டை மீறிவிடுகிறது. நூறில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது வருகிறது. மிக இளம் வயதில் தொடங்கியவர்கள், முதுமையில் தொடங்கியவர்கள் என இரு முனைகளிலும் இந்த ஆபத்து கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இளையவர், மூத்தவர் யாரானாலும், காதோர வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமல் நின்றாலோ காலில் ஊதாப் புள்ளிகள் தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.