பறக்காத பறவைக்கு இறக்கை எதற்கு?

நெருப்புக்கோழி இறக்கைகளை முழுதாக விரித்தால் முனைக்கு முனை சுமார் 2 மீட்டர் இருக்கும். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பைத் தூக்க அது போதாது. பிறகு எதற்கு இவ்வளவு பெரிய இறக்கை?

அது ஓடுவதைக் கவனித்தால் விடை கிடைக்கும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று திரும்பவோ நிற்கவோ வேண்டுமானால் இறக்கையை விரித்துத்தான் உடம்பைச் சமன் செய்கிறது. வெயில் ஏறினால் அதே இறக்கையைத் தூக்கி, ரோமமற்ற தொடைகளில் காற்றுப் பட விடுகிறது. குளிரில் அவற்றை மூடிக்கொள்கிறது. குஞ்சுகளுக்கு நிழலும் அதுதான். இணை தேடும் ஆண் பறவை மண்டியிட்டு, இடமும் வலமுமாக இறக்கைகளை வீசிக் காட்டும்.

பறக்கும் பறவையின் இறகு ஒன்றை விரலால் பிரித்துவிட்டு நீவிப் பாருங்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளும். இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் செய்யும் வேலை அது. நெருப்புக்கோழியின் இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை. அதனால்தான் அத்தனை மென்மை. காற்று ஊடே புகுந்து போய்விடும், பறப்பதற்கு உதவாது.

பறப்பது செலவு பிடித்த காரியம். பல பறவைகளில் உடல் எடையில் ஆறில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பறக்கும் தசைகள்தான். துரத்த யாருமில்லாத தீவில் அந்தச் சுமை எதற்கு? தீவுகளில் குடியேறிய கானாங்கோழி இனங்கள் பல பறப்பதையே கைவிட்டது இதனால்தான்.

பறப்பதைக் கைவிட்ட கூட்டத்தில் பென்குயினையும் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது தண்ணீருக்குள் பறக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதைத் தள்ள அகன்ற இறக்கை வேண்டாம், குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும். எனவே முழங்கையும் மணிக்கட்டும் அதிகம் மடங்குவதில்லை, எலும்புகளும் தட்டையாக, கனமாக இருக்கின்றன. பறக்கும் பறவைகள் பெரும்பாலும் இறக்கையைக் கீழே அடிக்கும்போதுதான் முன்னே உந்தப்படும். பென்குயினோ மேலே தூக்கும்போதும் உந்திக்கொள்ளும். பறக்கும் தசைகள் பற்றி நிற்கும் மார்பெலும்பு முகடு நெருப்புக்கோழிக்கு இல்லை. பென்குயினுக்கு அது நன்றாகவே புடைத்திருக்கிறது. பேரரசப் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே மூழ்குவது இந்தத் தசைகளின் தயவில்தான்.

வேறு வேலை கிடைக்காத இறக்கைகள் சுருங்கிவிட்டன. கிவிப் பறவையின் இறக்கை சில சென்டிமீட்டர்தான், நுனியில் ஒரு நகத்தோடு இறகுகளுக்குள் ஒளிந்திருக்கும்.

நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா என்ற பறவைக்கு இறக்கை எலும்பே இல்லை. இறக்கையை உருவாக்கும் மரபணு கெட்டுப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முன்னங்கால் (பறவைக்கு அதுதான் இறக்கை) வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் டிபிஎக்ஸ்5 என்ற மரபணுவை, பழைய மோவா டிஎன்ஏவிலிருந்து மீட்டுக் கோழிக் கருவில் செலுத்திப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது: மரபணு ஒழுங்காகவே வேலை செய்தது. இறக்கை காணாமல்போன காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.