கியூபப் பெண்கள் கூட்டமைப்பு: யார் சேரலாம், என்ன கிடைக்கும்?

கியூபாவில் 14 வயது நிரம்பிய எந்தப் பெண்ணும் கியூபப் பெண்கள் கூட்டமைப்பில் சேரலாம். சந்தா சொற்பம். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1960 ஆகஸ்ட் 23இல் தொடங்கிய அமைப்பு இது. புரட்சிப் போரில் பங்கெடுத்த வில்மா எஸ்பின், 2007இல் இறக்கும்வரை இதன் தலைவராக இருந்தார். ஆரம்ப நாட்களில் மலைக்கிராமத்துப் பெண்களை ஹவானாவுக்கு அழைத்து வந்து எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு தையல் இயந்திரத்தோடு ஊருக்கு அனுப்பினார்கள். பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்கள் 1961இல் வந்தன.

மகப்பேறுச் சலுகைகளையும் இந்த அமைப்புதான் கொடுக்கிறது என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை, அவை சட்டப்படி வருபவை; உறுப்பினர் அட்டை கேட்க மாட்டார்கள். வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 12 வாரமும் சம்பளத்தோடு விடுப்பு. அப்புறம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தில் 60 சதவீதம் உதவித்தொகை. ஒரு வயதுவரை இருந்த இதை 2021 சட்டம் 15 மாதமாக நீட்டியது. அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டால் அப்பாவோ, வேலையில் இருக்கும் பாட்டி தாத்தாவோ இந்த விடுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

1975 குடும்பச் சட்டம் வந்ததிலும் கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் கணவனும் மனைவியும் சம பங்கு எடுக்க வேண்டும் என்றது அது. கல்யாணப் பதிவின்போது அந்தப் பிரிவுகளை மணமக்கள் முன் வாசித்துக் காட்டுவார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எத்தனை பேர் பாத்திரம் தேய்த்தார்களோ, அது வேறு கதை. 2022 செப்டம்பர் 25இல் பொது வாக்கெடுப்பில் நிறைவேறிய புதிய சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

வீட்டில் அடி உதை, விவாகரத்து, பிள்ளை பராமரிப்புச் சிக்கல் என்றால் நகராட்சி அளவில் கூட்டமைப்பு நடத்தும் பெண்கள் மற்றும் குடும்ப ஆலோசனை இல்லத்துக்குப் போகலாம். சட்ட, உளவியல் ஆலோசனை அங்கே கிடைக்கும். ஆனால் அது போலீஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே நோக்கத்துக்கு இரண்டாவது சங்கத்தைப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் கூட்டமைப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு போக்கிடம் கிடையாது. 1993இல் பெண் ஊடகவியலாளர்கள் தொடங்கிய மகின் என்ற குழுவை 1996இல் கலைக்க வைத்தார்கள். பாலின வன்முறைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2019 நவம்பரில் 40 பெண்கள் நாடாளுமன்றத்தில் மனு கொடுத்ததும், இந்த அமைப்பின் வழியாக அல்ல, தாங்களாகவே கையெழுத்திட்டுத்தான்.