"நான் ஆள் சேர்க்கல்ல சேர், பேர் மட்டும்தான் எழுதினனான்"

போன கிழமையும் ஒரு அம்மா வந்தவ. கையில ஒரு சொப்பிங் பேக், அதுக்குள்ள மகன்ட ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, வளவு உறுதி, ஜீஎஸ்ட (கிராம சேவகர்ட) லெட்டர். "காசு குடுத்து கள்ளமா போட்ல அவுஸ்திரேலியா போன பொடியனை ஏன் சேர் ஏஜென்ட் எண்டு போட்டிருக்காங்க" எண்டு ஒரே அழுகை. மட்டக்களப்புல லோயரா இருந்து இந்தக் கேள்விய எத்தினை தரம் கேட்டிட்டன் எண்டு எனக்கே கணக்கில்ல. (ஆர் எண்டு தேடாதீங்க, விபரம் மாத்தித்தான் எழுதுறன்.)

சட்டம் 1948ம் ஆண்டு 20ம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டம். எயார்போட், துறைமுகம் மாதிரி அனுமதிச்ச இடத்தால இல்லாம வெளிய போனா 5 வருஷம் வரைக்கும் மறியல், 2 லட்சம் வரைக்கும் தண்டம். சும்மா ஏறிப் போன ஆக்களுக்கு அனேகமா தண்டத்தோட முடியும். இதைக் கேட்டுட்டுத்தான் ஊருக்குள்ள "ரெண்டு லட்சம்தானே, கட்டுவம்" எண்டு கதைக்கிறாங்க.

ஆனா அதே சட்டத்துல 45சி எண்டு ஒரு பிரிவு இரிக்கு, அது ஆக்களை ஒழுங்கு பண்ணுற ஆளுக்கு. எங்கட பொடியனுகள் விழுறது இதுக்குள்ளதான். ஏஜென்ட் தன்ட முகத்தைக் காட்டமாட்டான், "தம்பி அஞ்சு பேரைக் கொண்டா, உனக்கு அரைக்காசு" எண்டு சொல்லுவான், இவன் மச்சான், சித்தப்பாட மகன், கிரிக்கெட் விளையாடுற கூட்டாளி எல்லார்ட பேரையும் ஃபோன்ல எழுதி, காசையும் தன்ட அக்கவுண்டுக்கே வாங்கி, வேனும் பேசிக் குடுத்திட்டு, பிடிபட்டா "நானும் பயணிதான் சேர்" எண்டுறான். மகனே, நீயும் போட்ல ஏறினாப் போல நீ பயணி ஆகிறல்ல! ஆள் சேர்க்கிறதும் அந்த ஒழுங்கு பண்ணுறதுக்குள்ளதான் வரும். லாபம் எடுக்கல்ல, சொந்தக்காரருக்கு உதவி செஞ்சன் எண்டு சொன்னா நீதவானுக்கு விளங்கும், பிரிவு மாறாது. பயணிக்கு வாற மாதிரி லேசா பிணையும் வராது. சரீரப் பிணைக்கு (ஆள் பொறுப்பு நிக்கிற பிணை) மாமாவைக் கூட்டி வந்து வாசல்ல நிப்பாட்டி வேலையில்ல.

மறுகா அவுஸ்திரேலியா. 2013 செப்டம்பர்ல இருந்து அவங்க போட்டை மறிச்சு திருப்புறாங்க, பிளேன்ல ஏத்தி கட்டுநாயக்காவுக்கு அனுப்புறாங்க. அங்க சிஐடி விசாரணை, வழக்கு நீர்கொழும்புல. தவணைக்குத் தவணை இங்கேருந்து நைட் பஸ்ல போய் வரணும், கூலி வேலைக்காரனுக்கு அதுதான் பெரிய தண்டம். கனடா எண்டு ஏத்தின கதை 2022 நவம்பர்ல பார்த்தம், 303 பேர், தாழப்போன கப்பல்ல இருந்து ஒரு ஜப்பான் கப்பல் எடுத்து வியட்நாம்ல இறக்கினது.

உயிருக்குப் பயந்து போற ஆக்கள்ட கதை வேற, அவங்க காசு கட்டுறதுக்கு முதல் ஒரு லோயரோட இருந்து கதைக்கணும். வெளிநாட்டு வேலை எண்டா ஏஜென்சிக்கு லைசன்ஸ் இரிக்கா எண்டு வேலைவாய்ப்பு பணியகத்துக்கு 1989 அடிச்சுக் கேளுங்க. அஞ்சு நிமிஷ வேலை. விசிட் விசாவுல போய் வேலை செய்யலாம் எண்டு சொல்லுறவனை வாசலுக்குள்ளயே எடுக்காதீங்க.

அம்மாமார், உங்கட்டயும் கெஞ்சிக் கேக்கிறன், உறுதிய ஈடு வைக்க முதல் மகன்ட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நீ மட்டும் போறியா, இல்ல ஆக்கள்ட்டயும் காசு வாங்கிட்டியா?" வாங்கிட்டான் எண்டா இண்டைக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க, குடுத்ததுக்கு எழுத்துல வாங்குங்க. ஃபோன்ல கிடக்கிற லிஸ்ட்ட பயத்துல அழிச்சுப் போடாதீங்க, அது இன்னொரு பிரச்சினை. அப்பிடியே கொண்டு ஒரு லோயர்ட்ட காட்டுங்க, என்ட்ட வரணும் எண்டில்ல.