ஏற்றத்தில் திசை மாறும் காற்று

சமதளத்தில் போகும்போது முகத்துக்கு நேராகக் குளிர்காற்று வீசிக்கொண்டிருக்கிறது. சாலை மேடேறுகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். முகத்துக்கு வந்த காற்று நின்று, முன்கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. உச்சியை அடைந்து காலைத் தளர்த்தியதும் பழையபடி முகத்துக்கே திரும்பிவிடுகிறது. இருபது முப்பது வயதான பெட்ரோல் பிக்கப் வண்டிகளில் இந்த வேடிக்கை சகஜம். பலரும் டேஷ்போர்டில் உள்ள ஏசி கட்டுப்பாட்டுப் பலகையைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிய பிறகும், மேடு வந்தால் காற்று கண்ணாடிக்கே போகிறது.

குற்றவாளி பெரும்பாலும் எஞ்சின் பக்கம் இருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் வால்வு. அதற்கும் மேட்டுக்கும் என்ன தொடர்பு என்று தெரிய, எஞ்சின் மூச்சிழுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும். விட்டால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். வாய் மூடியிருந்தாலும் பிஸ்டன்கள் காற்றை இழுப்பதை நிறுத்துவதில்லை. உறிஞ்சுகுழலின் மறுமுனையை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் கன்னம் குழிவதைப் போல, தகட்டுக்கு உட்புறம் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த வெற்றிடத்துக்கு இழுக்கும் வலு உண்டு, அதுவும் செலவில்லாமல். வடிவமைப்பாளர்கள் அதை மெல்லிய குழாய்கள் வழியே டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுபோய், ரப்பர் சவ்வு கட்டிய சிறு கிண்ணங்களுக்குக் கொடுத்தார்கள். சவ்வு உள்வாங்கும்போது அதில் பிணைத்த கம்பி ஒரு கதவை இழுக்கும். எந்தக் கதவு திறக்கிறது என்பதைப் பொறுத்துக் காற்று முகத்துக்கோ காலுக்கோ போகும். நாம் திருகும் குமிழ், வெற்றிடத்தை எந்தக் கிண்ணத்துக்கு அனுப்புவது என்று மட்டுமே சொல்கிறது.

மேட்டில் மிதியை அழுத்தும்போது தகடு அகலத் திறக்கிறது, வெற்றிடம் கரைந்துவிடுகிறது. இதற்காகத்தான் ஒரு சேமிப்புக் கலனும், வெற்றிடம் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். அந்த வால்வு கசிந்தாலோ, எஞ்சின் சூட்டில் வறண்டு மொறமொறத்துப் போன குழாயில் கீறல் விழுந்தாலோ, சேமிப்பு சில நொடிகளில் காலி. பிடிமானம் இழந்த கதவை ஸ்பிரிங் தள்ளிக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுகிறது. ஏன் கண்ணாடிப் பக்கம்? கால் குளிர்ந்தால் ஓட்டுநர் முணுமுணுப்பார். கண்ணாடியில் ஈரம் படிந்து சாலை மறைந்தால் உயிருக்கே ஆபத்து. கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். (டீசல் எஞ்சினில் இப்படி மூடும் தகடு வழக்கமாக இல்லை. அதனால் வெற்றிடம் வேண்டுமென்றால் தனியாக ஒரு பம்பு வைக்க வேண்டியிருந்தது.)

சோதனை எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு வால்வைக் கழற்றி வாயால் ஊத வேண்டும். ஒரு பக்கம் போகலாம், மறுபக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வுதான் கெட்டிருக்கிறது. வால்வு சரியாக இருந்தால் குழாயை அதன் வழியே விரலால் தடவிக்கொண்டே போகலாம். பேட்டரிக்கு அருகில் வளையும் இடங்களில்தான் கீறல் அதிகம் விழுகிறது. எஞ்சின் ஓடும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் கிண்ணத்தின் சவ்வே கிழிந்திருக்கலாம்.

அடுத்த புகார், குளிர் போதவில்லை என்பது. உடனே “கேஸ் குறைந்துவிட்டது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். என் கணிப்பில், பழைய வண்டிகளில் அவசரப்பட்டுச் சொல்லப்படும் தீர்ப்பு இதுதான். டேஷ்போர்டுக்குள் காற்று முதலில் ஆவியாக்கியை, அதாவது ஏசியின் கேஸ் ஆவியாகிக் குளிரும் பகுதியைக் கடக்கிறது. அதற்கு அடுத்து நிற்பது ஹீட்டர், அதாவது எஞ்சினின் சூட்டை வாங்கிச் செல்லும் திரவமான கூலன்ட் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூடேறியதும் வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபின் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். பல வண்டிகளில் அது கோடையிலும் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கலப்புக் கதவுதான் எவ்வளவு காற்று சூட்டைத் தொட்டு வர வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டால், ஏசி எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீட்டர் அதைக் கெடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஹீட்டருக்குப் போகும் ஹோஸை மழுங்கிய வாய் கொண்ட கிடுக்கியால் மெல்ல நெருக்கி அடைக்க வேண்டும். ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் இதைச் செய்யக் கூடாது. பிறகு வண்டியை ஓட்டி ஏசியைப் போட்டுப் பாருங்கள். காற்று சில்லென்று வந்தால் கேஸ் நன்றாகவே இருக்கிறது; கதவைத்தான் கவனிக்க வேண்டும். மின்மோட்டார் இயக்கும் கதவாக இருந்தால், வண்டியை இயக்கியதும் டேஷ்போர்டுக்குள் டக்டக் என்று சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும். மோட்டார் கதவின் எல்லையைத் தேடித்தேடி வழுக்கிக்கொண்டிருக்கும்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால் அடையாளம் வேறு. ஆவியாக்கியில் அழுத்தம் சரிகிறது. காவல் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. அழுத்தம் ஏறியதும் மறுபடி ஓட விடுகிறது. சில நொடிக்கு ஒருமுறை ‘க்ளிக்’ என்று ஒலிப்பது அதனால்தான். கேஸ் எரிந்து தீரும் எரிபொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் கதை. இந்த வேலையை நாமே செய்யவும் கூடாது. ஏசியில் கேஸாக இருக்கும் ஆர்-134ஏ வாயு வெளிக்காற்றின் அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். தோலில் பட்டால் சதை உறைந்துபோகும். 1990களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் ஆர்-12 இருக்கலாம். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கை வழியாக விலக்கப்பட்ட வாயு அது. இரண்டுக்கும் கம்ப்ரஸர் எண்ணெயே வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே ஏற்ற முடியாது.

மின்விசிறியின் கோளாறு தானே வாய்திறந்து சொல்லிவிடும். உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் அசையவில்லையா? மின்தடைச் சுருள் எரிந்திருக்கிறது. குறைந்த வேகங்களில் மின்சாரம் அந்தச் சுருள் வழியாகப் போகிறது. உச்ச வேகத்துக்கு மட்டும் நேர்வழி. சுருள் சூடாகும் என்பதால் அதைக் காற்றோட்டத்தின் நடுவிலேயே பொருத்துகிறார்கள். புதிதாக மாட்டியதும் சில மாதங்களில் எரிந்தால், மோட்டாரின் தேய்ந்த பேரிங் கூடுதல் மின்சாரத்தை இழுக்கிறது என்று அர்த்தம்.

தானியங்கி ஏசி உள்ள வண்டிகளில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு சிறு சல்லடைக்குப் பின்னால் வெப்ப சென்சர் ஒளிந்திருக்கும். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும். கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடுகிறது. கணினிக்கு அது கடுங்குளிராகத் தெரிகிறது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஹீட்டர் முழு வேகத்தில் சூட்டைப் பொழியும். சல்லடையில் தூசி அடைத்தாலும் சென்சருக்கு அறையின் காற்று கிடைக்காமல் கணக்கு பிசகும். ஒரு சிறு தூரிகை போதும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறக்கலாம். வெயிலிலும் குளிரிலும் இத்தனை ஆண்டுகள் விரிந்து சுருங்கியதில், சாலிடர் ஈயமும் அதற்குள் நிற்கும் மின்பாகங்களின் உலோகக் கால்களும் வேறுவேறு அளவில் நீண்டு குறுகி, இணைப்பைச் சுற்றி மயிரிழை வளையமாக வெடிப்பு விழுந்திருக்கும். விரலால் தட்டினால் உயிர் பெறும். குழியில் இறங்கினால் மறுபடி அணையும். பூதக்கண்ணாடியில் அந்த வளையம் கண்ணுக்குப் பட்டால், சாலிடர் முனையை ஒரு நொடி வைத்து எடுத்தால் பழைய பலகையே ஓடும்.