புண்ணைப் பார்த்தால் போதாது, தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும்

மீன்தொட்டியைக் கழுவும்போது விரலில் பட்ட கீறல் எப்போதோ ஆறியிருக்கும். சில வாரங்கள் கழித்து, சிலருக்கு மாதங்கள் கழித்தும், அதே இடத்தில் சிவந்த முடிச்சு ஒன்று எழும்பும். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்காது. அப்புறம் நிணநீர் நாளம் போகும் வழியில் முன்கையிலும் வரிசையாக முடிச்சுகள் வரலாம். இப்படிப்பட்ட புண்ணில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மைக்கோபாக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு இது. 1926-ல் பிலடெல்பியாவின் மீன் காட்சியகத்தில் செத்துப்போன கடல்மீன்களிலிருந்து அரோன்சன் என்ற ஆய்வாளர் இதைப் பிரித்தெடுத்தார்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கிருமிக்குப் பிடித்தது 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். உடலின் உட்பகுதி அதற்குச் சூடு அதிகம். அதனால்தான் குளிர்ச்சியான கை, கால் தோலிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஆய்வகமோ மாதிரியை வழக்கப்படி 37 டிகிரியில் வைக்கும். அங்கே எதுவும் சரியாக வளராது, 'கிருமி இல்லை' என்று அறிக்கை வந்துவிடும். திசுவில் கிருமிகள் குறைவாக இருப்பதால் நுண்ணோக்கியிலும் அடிக்கடி தப்பிவிடும். காசநோய்க்கான தோல் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்து குழப்புவதும் உண்டு. ஆகவே பயாப்ஸி (சோதனைக்கான சிறு திசுத் துணுக்கு) எடுத்து அனுப்பும்போதே 'மீன்தொட்டித் தண்ணீர்' என்று சீட்டில் எழுதிவிட வேண்டும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த எந்தச் சோதனையையும்விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அதைப் பார்த்தால் ஆய்வகம் 30 டிகிரியிலும் ஒரு மாதிரியை வைத்து, வாரக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கும். வளர்ந்த கிருமிக்கூட்டத்தின் மேல் வெளிச்சம் பட்டால் மஞ்சளாக மாறும். அடையாளம் காண அது உதவும். இதே மாதிரி வரிசை முடிச்சுகளை ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையும் உண்டாக்கும் என்பதால் பூஞ்சைக்கும் சேர்த்தே சோதிப்பார்கள்.

வெந்நீர்த் தொட்டியில் குளித்த ஓரிரு நாளில், நீச்சலுடை மூடியிருந்த இடத்தில் மயிர்க்கால்களைச் சுற்றிக் கொப்புளங்கள் வந்தால் காரணம் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. கதையைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்; பொதுவாகத் தானாகவே ஆறிவிடும்.

வெதுவெதுப்பான கடல்நீர் காயத்தில் பட்ட சில மணி நேரத்திலேயே வீக்கம், தாங்க முடியாத வலி, ரத்தக் கொப்புளம் என்று வந்தால் அது விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிரையே பறிக்கும். இங்கே பொறுமைக்கு வேலையில்லை. ரத்தத்தையும் கொப்புள நீரையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பிய கையோடு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அறுவை சிகிச்சை நிபுணரையும் உடனே கூப்பிடுவார்கள்.