ரொடாப்சினுக்கு ‘ஊதா’ பொருந்துமா?

பள்ளிப் பாடத்தில் கண்ணைப் பற்றிப் படித்தவர்களுக்கு ரொடாப்சின் தெரிந்த பெயர்தான். விழித்திரையின் குச்சி செல்களில் இருக்கும் நிறமி அது. மங்கிய வெளிச்சத்தில் நமக்குக் கண் தெரிவது அதனால்தான். ஆங்கிலத்தில் ‘விஷுவல் பர்ப்பிள்’ என்றும் அதைச் சொல்வார்கள். அதைப் பார்த்து ‘பார்வை ஊதா’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது என்பது என் கருத்து.

கிரேக்கத்தில் ‘ரோடோன்’ என்றால் ரோஜா, ‘ஓப்சிஸ்’ என்றால் பார்வை. பெயரிலேயே ரோஜா இருக்கிறது. 1876-இல் ரோம் நகரில் ஃபிரான்ஸ் போல் என்ற உடலியல் அறிஞர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையைப் பிரித்தெடுத்தார். நல்ல சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் அவர் கண்ணெதிரிலேயே வெளிறிப்போனது. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வில்ஹெல்ம் க்யூனே என்ற இன்னொரு அறிஞர் இதை விடாமல் தொடர்ந்தார். ஒரு முயலைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்து, அப்புறம் அதன் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். உடனே கொன்று, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் போட்டுவைத்தார். எடுத்துப் பார்த்தால் அதில் ஜன்னலின் படம்! கண்ணாடி வழியே ஒளி வந்த இடமெல்லாம் வெளுத்து, குறுக்குச் சட்டங்கள் விழுந்த இடம் மட்டும் சிவப்பு மாறாமல் இருந்தது.

க்யூனே ஜெர்மனில் வைத்த பெயர் ‘சேபுர்புர்’, அதாவது பார்வைப் புர்புர். ஜெர்மன்காரர்களின் புர்புர் சிவப்புப் பக்கம் சாய்ந்த நிறம். அது ஆங்கிலத்தில் பர்ப்பிள் ஆகி, அங்கிருந்து தமிழுக்கு ஊதாவாக வந்தால், தவளைக் கண்ணில் இருந்த சிவப்பு வழியிலேயே தொலைந்துவிடும். ‘விழிச்செம்மை’ என்பதே பொருத்தம்.

ஊதாவை இங்கே செலவழிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சொல் வேறு விலங்குகளுக்கு வேண்டும். ஒரு நிறமி விழுங்கும் ஒளி போக மிச்சம் இருப்பதுதான் நமக்கு அதன் நிறமாகத் தெரிகிறது. ரொடாப்சின் 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள பச்சையை அதிகமாக விழுங்குவதால் செம்மையாகத் தெரிகிறது. ஆறு, குளங்களில் வாழும் பல மீன்களின் குச்சி செல்களில் இருப்பது போர்ஃபிரோப்சின். கலங்கல் நீரில் நீல ஒளி சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், இதன் உச்சம், அதாவது இது மிக அதிகமாக விழுங்கும் அலைநீளம், சிவப்புப் பக்கமாக நகர்ந்து சுமார் 522-இல் நிற்கிறது. ‘போர்ஃபிரா’ என்பது கடல் நத்தையிலிருந்து எடுத்த பழைய ஊதாச் சாயம். ஆக, ‘விழியூதா’ இதற்குத்தான் சரி. ஆழ்கடல் மீன்களுக்கோ எட்டுவது நீல ஒளி மட்டும். அவற்றின் கிரிசாப்சின் 480 அருகே நீலத்தை விழுங்கிப் பொன் நிறமாகத் தெரியும். ‘கிரிசோஸ்’ என்றால் பொன். ‘விழிப்பொன்’ எனலாம்.

குச்சி செல்கள் போக, நல்ல வெளிச்சத்தில் நிறம் காண உதவும் கூம்பு செல்களும் விழித்திரையில் உண்டு. கோழியின் கூம்பு செல் நிறமியான அயோடாப்சினில், பெயரைப் பார்த்து நினைப்பது போல, அயோடின் துளியும் இல்லை. இரண்டு பெயருமே ஊதாப் பூவைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை, அவ்வளவுதான். கூம்பு செல்களின் வகையும் விலங்குக்கு விலங்கு மாறும்: நமக்கு 3, நாய்க்கு 2, பெரும்பாலான பறவைகளுக்கு 4, திமிங்கிலங்களுக்கு மிஞ்சிப்போனால் 1. இத்தனைக்கும் பொதுவாகக் ‘காண்நிறமி’ என்ற சொல் போதும்.

காண்நிறமி என்பது ஆப்சின் என்ற புரதமும், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ‘ரெட்டினால்’ என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். விழித்திரையில் அந்த வைட்டமினைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசு பெற்றார். ஆப்சினில் சில அமினோ அமிலங்கள் மாறினாலும், ரெட்டினாலின் வகை மாறினாலும் உச்சம் நகரும்.

இந்த இரண்டு மாற்றங்களையும் ஒரே பிறவியில் செய்வது ஐரோப்பிய விலாங்கு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக நாம் சொல்லும் விலாங்கின் இனத்தாள்தான். ஆற்றில் இருக்கும்போது அதன் குச்சி செல்களில் விழிச்செம்மையும் விழியூதாவும் கலந்திருக்கும். முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும் காலத்தில் கண் பெரிதாகிறது, விழியூதா வற்றுகிறது, புதிய ஆப்சின் வந்து விழிப்பொன் சேர்கிறது. எல்லாவற்றையும் ‘பார்வை ஊதா’ என்று எழுதினால், இந்த ஒரு மீனின் கண்ணில் நடப்பதைக்கூடத் தமிழில் சொல்ல முடியாது.