காற்றிலுள்ள தூசியை எடை போட்டால் மட்டும் போதுமா?

போகிக்கு மறுநாள் காலை மொட்டை மாடியில், காற்றை இழுத்துத் தூசியைத் தாளில் பிடிக்கும் சாம்ப்ளரைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். வெள்ளையாக வைத்துவிட்டு வந்த ஃபில்டர் தாள் அடுப்புக்கரி பூசியதுபோல இருக்கும். கடல்காற்று பலமாக அடிக்கும் நாளில் அதே பி.எம். 10 தாள் (பத்து மைக்ரான் வரையுள்ள தூசியைப் பிடிப்பது) லேசாகத்தான் நிறம் மாறும். ஆனாலும் தராசில் வைத்தால் கனக்கும், ஏனென்றால் உப்புக்கும் எடை உண்டு.

செய்திகளில் வரும் பி.எம். 2.5 அளவும் (இரண்டரை மைக்ரான் வரையுள்ள நுண்தூசி) எடைக்கணக்குதான். 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியாவில் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. தூசி எவ்வளவு என்று இந்த எண்கள் சொல்லும், உள்ளே போய் அது என்ன செய்யும் என்று சொல்லாது.

தூசியில் செம்பும் இரும்பும் இருக்கும். விறகும் குப்பையும் எரிந்தால் குயினோன்கள் என்ற கரிமச் சேர்மங்களும் சேரும். நுரையீரலின் ஈரத்தில் இவை ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைத் தள்ளிவிட, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் என்று வெறிகொண்ட ஆக்சிஜன் வகைகள் பிறக்கின்றன. குயினோன் அதோடு தீர்ந்துபோவதில்லை. இன்னொரு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு மறுபடி அதே வேலையைச் செய்யும். அங்கே காவலுக்கு இருக்கும் வைட்டமின் சி கரையக் கரைய, அழற்சி தொடங்குகிறது.

தூசியின் இந்த வினைத்திறனை அளக்க நாங்கள் அதிகம் நம்புவது டைதயோதிரிட்டால் சோதனை. தூசிக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோகும் ஒரு வேதிப்பொருள் இது. (சுருக்கிச் சொன்னால் பூச்சிமருந்து டி.டி.டி. போலவே ஒலிக்கும், இது வேறு.) தூசிச் சாற்றோடு இதைக் கலந்து 37 டிகிரியில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, நிறம் காட்டும் எல்மன் வினைப்பொருளைச் சேர்ப்போம். மிச்சமிருக்கும் டைதயோதிரிட்டாலுக்கு ஏற்றபடி மஞ்சள் நிறம் வரும். கடல்காற்றுத் தாளின் சாறு அரை மணி கழித்தும் பளிச்சென்ற மஞ்சள்தான். போகித் தாளின் சாறு வெளுத்துக்கொண்டே வரும். அந்த வெளுப்பைப் பார்த்த பிறகு, ‘கொஞ்சம் குப்பைதானே, கொளுத்தினால் என்ன’ என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

ஒருமுறை தூசியே படாத வெற்றுத் தாளின் சாறும் வெளுத்தது. தேடிப் பார்த்தால், சோதனையில் அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் பஃபர் கரைசலில் துளியளவு செம்பு. இரண்டு வார வேலையைத் தூக்கிப் போட்டோம். அன்றிலிருந்து பஃபரை செலெக்ஸ் பிசினில் ஓட்டி உலோகத்தை நீக்காமல் தொடுவதில்லை. வெற்றுத் தாளின் அளவைக் காட்டாத எந்த முடிவையும் நான் நம்புவதுமில்லை.

இன்னொன்று. இந்தச் சோதனை காட்டுவது தூசி இனிமேல் உண்டாக்கப்போவதை. தூசியின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வெறிகொண்ட ஆக்சிஜன் வகைகளை அளக்க, அவை பட்டால் ஒளிரும் டி.சி.எஃப்.எச். என்ற சாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பல நிமிடங்களில் அழிந்துவிடும். 24 மணி நேரம் சாம்ப்ளரில் கிடந்த தாளில் அவை எங்கே மிஞ்சும்? ஃப்ரீசரில் வைத்தாலும் போனது போனதுதான். அதனால்தான் காற்றை நேராகச் சாயக் கரைசலுக்குள் இழுத்து அங்கேயே அளக்கும் கருவிகள் வந்திருக்கின்றன.

ஐரோப்பாவில் 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தூசியின் எடையைக் கூட்டுபவை வேறு, இந்த வினைத்திறனைக் கூட்டுபவை வேறு என்று தெரிந்தது. பின்னதில் முன்னால் நின்றவை வீட்டு விறகுப் புகையும் வண்டி பிரேக் தேய்ந்து வரும் உலோகமும். 2024இல் வந்த அங்குள்ள காற்றுத் தரச் சட்டத்தில் இந்த அளவீட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் கண்காணிப்பு நிலையங்களில் எடை போட்டு முடித்த தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு தாளையாவது இந்தச் சோதனைக்கு அனுப்பலாம். அனுப்பும்போது, தாளைக் கழற்றி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மறக்காமல் உறையின் மேல் எழுதிவிடுங்கள்.